தெற்கே சாய்ந்த தண்ணீர்

திருச்செங்கோட்டில் ஒரு வீட்டுக் கூடத்துக்குள் கடல் வந்து கொஞ்ச காலம் குடியிருந்ததைப் பற்றிக் கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் யாரும் வாயைப் பிளப்பதில்லை. "ஆமாமுங்க, ரிக்கு நாச்சிமுத்து ஊட்டுல இருந்துச்சுங்க, தெக்க பாத்துச் சாஞ்ச மேனிக்கே நிக்கும்" என்று, பக்கத்து வீட்டில் முருங்கை மரம் நின்றதைச் சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டு, மழை எப்போது வரும், டீசல் விலை எங்கே போய் நிற்கும் என்று அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

நாச்சிமுத்துவுக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற தொழில். ரிக் லாரியை நிறுத்துவதற்கு முன்னால் அவரே இறங்கி, உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டை மூலைக்கு மூலை நடப்பார்; தேங்காய் தானாக எழுந்து செங்குத்தாக நிற்கிற இடம்தான் பாயிண்ட், அங்கே துளை போட்டால் தண்ணீர் பீறிடும் என்று கொங்குச் சீமை முழுக்க அவருக்குப் பெயர். அந்தப் பெயர் கெட்டது ஒரே ஒரு ஊரில். தூத்துக்குடிக்குத் தெற்கே சிலுவைத்துறை என்கிற மீன்பிடிக் கிராமத்தில், குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்று கூப்பிட்டார்கள். தேங்காய் என்னவோ ஜம்மென்று எழுந்து நின்றது. வந்தது பூராவும் உப்புத் தண்ணீர். போதாக்குறைக்குக் கம்ப்ரஸரும் மக்கர் பண்ணியது. சாமான் வந்து சேரும்வரை அங்கேயே கிடந்து, இன்னாசி என்கிற படகுக்காரர் வீட்டில் சோறு தின்று, சோறு போட்ட இன்னாசியின் தங்கை ஜெசிந்தாவிடம் மனசைப் பறிகொடுத்து, கிளம்பும்போது அவளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் மனுசன். "நல்ல தண்ணி எடுக்க வந்த பய, பொண்ண எடுத்துக்கிட்டுப் போயிட்டான்" என்று இன்னாசி கடற்கரையில் நின்று கத்தியதாகக் கேள்வி.

அதெல்லாம் ஆகி இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை, இந்தப் பக்கத்திலிருந்து யாரும் போய்ப் பேசவும் இல்லை. ஜெசிந்தா கம்மங்கூழ் கரைக்கக் கற்றுக்கொண்டாள், "என்னங்க" என்பதைக் கொங்கு இழுப்போடு இழுக்கக் கற்றுக்கொண்டாள், தெருவுக்கே அம்மிணி ஆனாள். ஊருக்குப் போகணும் என்று மட்டும் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காதவரைக்கும் நாச்சிமுத்துவுக்கு நிம்மதி. உள்ளதைச் சொன்னால், அவருக்கு ஒரே பயம்: ஒருதரம் போனாளென்றால் திரும்பி வருவாளா? பிடித்து வைக்க ஒரு பிள்ளைகூட இல்லை. அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டே மனுசன் அத்தனை வருசமும் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் சமீபமாக அவள் டிவியில் புயல் செய்தி வந்தால் சத்தத்தை அமர்த்திவிட்டு, கரையில் அலை அடிக்கிற படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். அடுப்பில் குழம்பு தீய்ந்து வீடெல்லாம் நாறினாலும் எழுந்திருக்க மாட்டாள். ரெண்டு மூன்று தரம் தீய்ந்த குழம்பைப் பேசாமல் தின்றுவிட்டு, நாச்சிமுத்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"சிந்தா, உனக்குக் கடல்தானே வேணும்? இங்கயே கொண்டு வந்துடறேன்."

அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "தண்ணி உப்பாத்தான் இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

சென்னையிலிருந்து மீன்தொட்டி போடுகிற ஹயாத் வந்தான். கடல்மீன் தொட்டி என்றால் விளையாட்டில்லை என்பதை அவன் சொல்லித்தான் தெருவே தெரிந்துகொண்டது. எட்டடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம்; விரல் கனத்துக்குக் கண்ணாடி; கீழே இரும்புச் சட்டம்; அதற்குள்ளே இன்னொரு சின்னத் தொட்டி, அதில்தான் பம்பும், அழுக்கை நுரையாக்கி எடுக்கிற குழாயும் இருக்கும்; கோடைக்குத் தண்ணீரைக் குளிர வைக்க ஒரு மிஷின். தண்ணீர் மட்டுமே ரெண்டு டன்னுக்கு வரும், அதனால் தரைக்கு அடியில் பீம் ஓடுகிற இடத்தில்தான் நிறுத்தணும் என்று ஹயாத் வரைபடம் கேட்டால், நாச்சிமுத்து சமையலறைக்குள் போய் ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"பாயிண்டு பாக்குறேன்."

சோபாவைச் சுற்றி, சாமி படத்தைச் சுற்றி, மாதா படத்தைச் சுற்றி அவர் நடந்து வந்தார். தெற்குச் சுவரை ஒட்டி டிவி இருந்த இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. பார்த்தால் பீமும் அங்கேதான் ஓடியது. ஹயாத் தலையில் அடித்துக்கொண்டு, டிவியைக் கழற்றிவிட்டு, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் ஓராள் நிற்க இடம் விட்டுத் தொட்டியை வடக்குத் தெற்காக நிறுத்தி, ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்தான். ஒரு நூல் சாய்ந்தாலும் கண்ணாடி போச்சு என்று அவனுக்குக் கவலை.

அடுத்த தகராறு தண்ணீருக்கு வந்தது. வடிகட்டின தண்ணீரில் அதற்கென்று விற்கிற உப்பைக் கலந்துதான் நிரப்பணும் என்று ஹயாத் ஒற்றைக்காலில் நின்றான். நாச்சிமுத்துவோ, "மாவு மாதிரி உப்பக் கரைச்சு ஊத்துறதுக்கு எதுக்கப்பா கடலுன்னு பேரு?" என்று சொல்லிவிட்டு, ஒரு டேங்கர் லாரியைச் சிலுவைத்துறைக்கே அனுப்பி, யார் கேட்டாலும் ஐஸ் கம்பெனிக்கு என்று சொல்லச் சொல்லி, அந்தக் கரையின் தண்ணீரை அள்ளிக்கொண்டு வரச்செய்தார். தண்ணீர் குழாய் வழியாகக் கூடத்துக்குள் இறங்கும்போது ஜெசிந்தா சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசனை வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"தண்ணி வீட்டுக்குப் பழகணும் சார்" என்றான் ஹயாத். "ஒரு மாசம் சும்மா ஓட விடணும். அப்பால மீன் விடலாம். சில தண்ணி பழகாது, அது நம்ம நேரம்."

மறுநாள் காலையில் தண்ணீர் சாய்ந்திருந்தது. தெற்குக் கண்ணாடியில் ஒரு சாண் ஏறியும், வடக்கே ஒரு சாண் இறங்கியும், ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றது. ஹயாத் ரசமட்டத்தை வைத்தான், குமிழி நட்டநடுவில் இருந்தது. சட்டத்தின் கால்களைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், வேறு ரசமட்டம் வாங்கி வந்து வைத்தான். கடைசியில் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, "சார், ஸ்டாண்டு சரியாத்தான் இருக்கு. தண்ணிதான் சரியில்ல" என்றான். அதற்குமேல் அவன் அதைப் பற்றி யோசிக்கவில்லை. வடக்கே இருந்த வடிகால் துளைக்குத் தண்ணீர் எட்டாமல் பம்பு வெறுமனே கத்திக்கொண்டிருந்ததால், அந்தத் துளையை அடைத்துவிட்டு, வடிகாலைத் தெற்குப் பக்கம் மாற்றிக் கொடுத்தான். ஒரு மாசம் கழித்துக் கோமாளி மீன்களையும் மஞ்சள் மீன்களையும் கொண்டுவந்து விட்டான். அதுகளும் ரெண்டு நாள் தடுமாறிவிட்டு, உடம்பைச் சாய்த்து நீந்தப் பழகிக்கொண்டன.

தெருவில் முதலில் வந்து பார்த்தது பக்கத்து வீட்டுப் பாவாத்தாள். எந்த ஊரில் எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்த வீட்டில் மாப்பிள்ளை இருக்கிறது என்று விரல்நுனியில் வைத்திருப்பவள். பெண் கேட்கப் போகிற எந்தக் கூட்டத்திலும் முன்தட்டு அவள் கையில்தான் இருக்கும். அவள் தொட்டியைச் சுற்றி வந்து, தெற்குக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இது எந்த ஊருத் தண்ணி?"

"அவுங்க ஊருதுங்க்கா" என்றார் நாச்சிமுத்து.

"அப்பறம் என்ன, பொறந்த ஊட்டப் பாத்துத்தான நிக்கும்" என்று சொல்லி, இடுப்பில் இருந்த குங்குமத்தை எடுத்துக் கண்ணாடிக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள். ஊர் அதோடு அந்த விசயத்தை ஒத்துக்கொண்டது.

பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மத்தியான வேலை முடிந்ததும் முறத்தையும் புளியையும் தூக்கிக்கொண்டு வந்து தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, கொட்டை எடுத்துக்கொண்டே பார்ப்பார்கள். அந்தத் தெருவில் பிறந்தவள் ஒருத்தியும் இல்லை, எல்லாருமே வாக்கப்பட்டு வந்தவர்கள். தாராபுரத்துக்காரி மெல்லத் தென்மேற்கே திரும்பி உட்காருவாள், ராசிபுரத்துக்காரி கிழக்கே திரும்புவாள், தர்மபுரிக்காரி வடக்கே பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சை அப்படியே விட்டுவிடுவாள். அந்த வருசம் திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை, ஒன்றுமே இல்லாமல் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் வந்தார்கள். ஆண்கள் கரிந்த தோசையோடு மல்லுக்கட்டிவிட்டு நாச்சிமுத்துவிடம் பிராது கொண்டு வந்தார்கள். "ஏனுங்கண்ணா, உங்க தொட்டியால எங்கூட்டுல அடுப்பே எரியறதில்லீங்." வடக்கே சத்தீஸ்கரில் ரிக்கு ஓட்டுகிறவர்களின் பெண்டாட்டிகளோ, தொட்டியின் தெற்கு முனையில் நின்று போனைத் தூக்கிப் புருசனுக்குக் காட்டி, "பாத்தீங்களா, தண்ணிக்குக்கூடத் தெரியுது. உங்களுக்கு எப்பங்க தெரியும்?" என்று கேட்டார்கள், அந்தத் தடவை நிறைய வண்டிகள் சீசன் முடியும் முன்னாலேயே ஊர் திரும்பின.

எல்லாரும் போய் வந்தார்கள். ஜெசிந்தா மட்டும் போகவில்லை. அவள் தொட்டியின் வடக்கு முனையில், தண்ணீர் குறைந்த பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மீனுக்குத் தீனி போடுவாள், கண்ணாடி விளிம்பில் பூக்கிற உப்பைத் துணியால் துடைப்பாள், துடைத்த துணியை உடனே அலசாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருப்பாள். நாச்சிமுத்து எதிரே செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அவளையே பார்ப்பார். கடலைக் கொண்டு வந்தாயிற்று, இனி என்ன குறை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். சமாதானம் ஆகாது.

வாரத்துக்கு வாரம் சாய்வு கூடியது. மாசிக் காற்று தொடங்கியபோது வடக்கே அடிமணல் வெளியே தெரிந்தது, அங்கே இருந்த நண்டு தெற்கே நடந்து போய்விட்டது, தண்ணீர் மொத்தமும் தெற்குக் கண்ணாடியின் மேல் சுவராக ஏறி, விளிம்புக்கும் மேலே எழும்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் நின்றது. கண்ணாடி லேசாகப் புடைத்திருந்தது. ஹயாத் வந்து காதை வைத்துக் கேட்டான்.

"இனிமே தாங்காது சார். மீனை நான் வேற தொட்டில மாத்திக்கறேன். தண்ணிய ஊருக்கு அனுப்பிடுங்க."

நாச்சிமுத்து புடைத்த கண்ணாடியை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தார். பாவாத்தாள்தான் பேசினாள். "பொறந்த ஊட்டுக்குப் போகோணும்னு நிக்கிற புள்ளைய இன்னும் எத்தன நாளைக்குத்தான் புடிச்சு வெப்பே? கொண்டு போயி உட்டுட்டு வா. நாங்களும் வாரோம். பொண்ணப் பொறந்த ஊட்டுல உடப் போறப்ப வெறுங்கையோட போகப்படாது, சொல்லிப்புட்டேன்."

ஹயாத் மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தன் டப்பாக்களில் போட்டுக்கொண்டான். டேங்கர் லாரி வாசலுக்கு வந்தது. குழாயைப் போட்டதும் தண்ணீர் யாரும் உறிஞ்சாமலே மடமடவென்று ஏறிக்கொண்டது. ஒரு வேன் பிடித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தேங்காய் பழம், வெற்றிலைபாக்கு, மல்லிகைப்பூ, மஞ்சள், கற்கண்டு என்று தாம்பாளத் தட்டுகளோடு தெருப் பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா வாசற்படியில் நின்றாள்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"ஏன், நீ வரலயா?"

"என்னை யாரும் கூப்பிடலையே."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் லாரியில் ஏறியிருக்கலாம். அதைத்தான் அவர் மனசு கேட்டது, கேவலமாக இருந்தாலும் கேட்டது. ஏறப் போனவர் திரும்பி வந்து, அவள் கையைப் பிடித்தார். தெருவே பார்க்க அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. "நான் கூப்பிடறேன். வா சிந்தா" என்றார். அவள் கதவைக்கூடப் பூட்டாமல் வந்து லாரியில் ஏறிக்கொண்டாள்.

மதுரை தாண்டியதிலிருந்து டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கவே இல்லை. வண்டி தானாகப் போனது, பிரேக்கைத்தான் பிடித்துப் பிடித்து வரவேண்டியிருந்தது. வெயில் தாழ்கிற நேரத்தில் சிலுவைத்துறைக்குள் நுழைந்தார்கள். கோயிலைத் தாண்டிக் கரையில் டேங்கர் நின்றது. பெண்கள் வேனிலிருந்து இறங்கினார்கள். முக்கால்வாசிப் பேர் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை, மணலில் கால் புதைய, தட்டைச் சாயாமல் பிடிக்கிற கவனத்தில் அவர்கள் அப்போதும் கடலைச் சரியாகப் பார்க்கவில்லை. கரையில் ஐஸ் பெட்டி இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு, பட்டுச்சேலைக் கூட்டம் தட்டும் கையுமாக வரிசையாக வருவதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து நரைத்த தலையோடு ஒருத்தர் எழுந்து வந்தார். இன்னாசி.

"யாரு நீங்க? என்ன சோலியா வந்திருக்கீய?"

தண்ணீரைத் திருப்பி விட வந்திருக்கிறோம் என்று பாவாத்தாள் சொல்லியிருக்கணும். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் கையில் முன்தட்டு இருந்தது, எதிரே முகம் தெரியாத வீட்டுக்காரர் நின்றார், பின்னால் பூவும் மஞ்சளுமாகப் பெண்கள் நின்றார்கள்; ஆயுசெல்லாம் அப்படி நின்று நின்று பழகின அவள் வாய், வழக்கமான பேச்சைத் தானாகவே எடுத்துவிட்டது.

"நாங்க திருச்செங்கோட்டுல இருந்து வாரோமுங்க. மாப்ள ஊட்டுக்காரங்க. உங்கூட்டுல ஒரு பொண்ணு இருக்குதுன்னு கேள்விப்பட்டமுங்க. கேட்டுட்டுப் போலாம்னு வந்தம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னாசியின் பார்வை தட்டிலிருந்து பெண்களுக்கும், பெண்களிலிருந்து லாரிக்கும், லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்காமல் நின்ற தங்கைக்கும் போயிற்று.

"இத்தன வருசம் கழிச்சு இப்பந்தான் வழி தெரிஞ்சுதாக்கும் உங்களுக்கு?" என்றார். குரல் கடற்கரை முழுக்கக் கேட்டது. "அன்னைக்கு வர என்னவே கேடு? ஒருத்தன், ஒத்த ஒருத்தன், வாசல்ல வந்து நின்னு எங்க பொண்ணக் கேட்டிருந்தா நான் இல்லன்னா சொல்லியிருப்பேன்? அனாதப் புள்ளையா அவ? கேக்க நாதியில்லாத வீடா எங்க வீடு? ஊருல நான் தலை நிமிந்து நடக்கலியே தாயி, ஒருத்தரும் வந்து கேக்கலியேன்னு."

பாவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்புத்தானுங்க. இப்ப வந்துட்டமுங்க" என்று தட்டை நீட்டினாள்.

டேங்கரின் வால்வை டிரைவர் எந்த நேரத்தில் திறந்தார், தண்ணீர் எப்படி ஓடிப் போய்க் கடலில் கலந்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் இன்னாசியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் அழுத்தித் துடைத்து, ரெண்டு கையாலும் தட்டை வாங்கினார். ஜெசிந்தா லாரியிலிருந்து இறங்கி, "அண்ணே" என்று மணலில் ஓடி வந்தாள்.

வீட்டுக்குக் கூட்டிப்போய் எல்லாருக்கும் சோறும் குழம்பும் போட்டார்கள். தங்கை தலையை இன்னாசி தடவிக்கொண்டே இருந்தார். கை கழுவி வந்ததும், பெண் வீட்டுக்காரர் பேசவேண்டியதைப் பேசினார். "ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலம் நடக்கு. இப்பம் நல்ல காரியம் எதுவும் பேசப்படாது. பாஸ்காத் திருநாள் முடியட்டும், தகவல் சொல்லுதேன். அதுவரைக்கும் பொண்ணு எங்க வீட்டுல இருக்கும். அதுதானே முறை?"

"அதுதானுங்க முறை" என்றாள் பாவாத்தாள். வேறு என்ன சொல்ல முடியும்? தட்டைக் கொடுத்தாயிற்று.

இருட்டுவதற்குள் கிளம்பணும் என்று பெண்கள் வேனில் ஏறினார்கள். ஐம்பது வயசைத் தாண்டின மாப்பிள்ளை கடைசி ஆளாக வேன் படியில் கால் வைத்துக்கொண்டு, அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தார். உள்ளே யாரோ எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது ஜெசிந்தாவின் குரல் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தச் சிரிப்பைத் தன் வீட்டில் அவர் கேட்டதில்லை. கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இன்னாசி வேன்வரைக்கும் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, ஒண்ணு சொல்லிப்புடுதேன். தட்ட வாங்கிட்டேங்கதுக்காக அனுப்பிருவேன்னு நெனைக்காதீய. உம்ம வீட்டுக்கு வர இஷ்டந்தானான்னு அவகிட்ட நான் கேப்பேன். அவ தன் வாயால சொல்லணும். இஷ்டமில்லன்னா அனுப்ப மாட்டேன்."

நாச்சிமுத்து படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தார்.

"கேளுங்க மச்சான்" என்றார். "நான் அவகிட்ட அத ஒருநாளும் கேட்டதில்ல."